ஒரு மணி நேரந்தானே

கொழும்புக்கும் திருச்சிக்கும் இடையிலான வான்வழித் தூரம் நானூறு கிலோமீற்றரைச் சற்றுத் தாண்டும். விமானம் அதை ஒரு மணி நேரத்தில் கடக்கிறது. இதை எவரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. என் பணிக்காலம் முழுவதும் பதுளையில் புவியியல் கற்பித்தவன் நான். மேசைமீது பூகோள உருண்டையை வைத்து, இரண்டு நகரங்களின் மேல் ஒரு நூலை இறுக்கிப் பிடித்து, மிகக் குறுகிய வழி இப்படித்தான் வளைந்து செல்லும் என்று ஆண்டுதோறும் காட்டியிருக்கிறேன். மாணவர்கள் இலண்டனைக் கேட்பார்கள், டோக்கியோவைக் கேட்பார்கள். கொழும்பிலிருந்து திருச்சிக்கு நூல் பிடிக்கச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. பிடித்திருந்தால் என் சுண்டுவிரல் நகத்தின் அகலம்தான் வந்திருக்கும்.

அந்த நகத்தின் அகலத்தைத் தாண்டிப் போய் என் அக்காவின் உடல்மீது ஒரு சேலையைப் போர்த்த எனக்கு இயலவில்லை. நடந்து இன்னும் ஓராண்டு ஆகவில்லை. துக்கத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அது என்னுடையது, என்னிடமே இருக்கட்டும். "ஒரு மணி நேரந்தானே" என்ற பேச்சைப் பற்றித்தான் எழுதுகிறேன். அக்கா இறந்த பிறகு அதை என்னிடம் சொல்லாதவர்கள் குறைவு. பதுளைக் கடைவீதியில் சொன்னார்கள். கொழும்பில் கழுத்துப்பட்டி அணிந்த ஓர் இளைஞர் சொன்னார். கோத்தகிரியில் சொன்னார்கள். சொன்னவர்களில் எவரும் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அது என் கோபத்தைச் சிறிதும் குறைக்கவில்லை.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், பிறந்தவர்கள் நாங்கள். அந்தத் தோட்டங்களில் பிறந்தவர்களில் யார் இந்தியாவுக்கு, யார் இலங்கைக்கு என்று இரண்டு அரசுகள் உட்கார்ந்து பங்கு பிரித்துக்கொண்ட காலம் அது. பங்கு பிரிக்கப்பட்டவர்களை எவரும் கேட்கவில்லை என்று சொல்வது முழு உண்மையாகாது. ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ கேட்டார்கள். அக்காவைக் கட்டிக்கொடுத்த வீட்டார் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். நாங்கள் இங்கேயே இருப்பதற்கு எழுதியிருந்தோம். கல்யாணமாகி ஓராண்டுக்குள் அவர்களுக்குக் கடவுச்சீட்டு வந்துவிட்டது.

ஹாலிஎல நிலையத்தில் ஏறினார்கள். தலைமன்னார்த் துறைக்கு ஆட்களை ஏற்றிச்சென்ற அந்த ரயிலுக்கு எங்கள் மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்திருந்தார்கள். ஏறியவர்களும் மேடையில் நின்றவர்களும் சாவு வீட்டில் அழுவதுபோலவே மாரடித்து அழுததால் அந்தப் பெயர். அக்கா அழவில்லை. பச்சைச் சேலை கட்டியிருந்தாள். சன்னலுக்கு வெளியே குனிந்து, "டேய், ஒழுங்கா படி. ஆத்துப் பக்கம் சுத்திக்கிட்டுத் திரியாத," என்றாள். நான் ஒழுங்காகப் படித்தேன். பட்டமும் அதற்கு மேலான பட்டமும் பெற்றேன். அந்தப் படிப்பு முழுவதும் சேர்ந்து பின்னாளில் ஒரு சேலையை நானூறு கிலோமீற்றர் நகர்த்த உதவவில்லை.

ரயில், கப்பல், மண்டபத்து முகாம், மறுபடி ரயில், பிறகு லொறி. இப்படித்தான் அவள் நீலகிரிக்குப் போய்ச் சேர்ந்தாள். கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை கொடுத்தார்கள். இங்கே எந்தக் கொழுந்தைப் பறித்தாளோ அதே கொழுந்தை அங்கே பறித்தாள். ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு, ஒரு லயத்திலிருந்து இன்னொரு லயத்துக்கு. தாய்நாட்டுக்குத் திரும்புதல் என்று அரசாங்கத் தாள்களில் அதற்குப் பெயர்.

அங்கே அவளை அழைத்த பெயர் சிலோன்காரி. தண்ணீர்க் குழாயடியில் சண்டை வந்தால் உள்ளூர்ப் பெண்கள் அவளுக்கென்றே ஒரு வாய்ப்பாடு வைத்திருந்தார்கள். "ஒனக்குக் கேக்க யாருடி இருக்கா? இருந்தா கப்பல்ல ஏறி வரச் சொல்லு, பாப்போம்!" பல ஆண்டுகளுக்குப் பின், மூன்றாவது முறையாக நான் அவளைப் பார்க்கப் போயிருந்தபோது, இதை அவளே அந்தப் பெண்களின் குரலில் நடித்துக் காட்டினாள். சிரித்துக்கொண்டுதான் காட்டினாள். நான் சிரிக்கவில்லை. உடனே பேச்சை நிறுத்திவிட்டு, "நான் போனா பொறந்த வீட்டுக் கோடி ஒங்கையாலதான் தம்பி விழணும். ஒருத்தியும் வாயத் தொறக்கக் கூடாது. வருவியா?" என்றாள்.

"சும்மா இரு அக்கா."

"சும்மா இருக்கறது இருக்கட்டும். வருவியான்னு கேட்டேன்."

"வருவேன்."

எங்கள் மக்களிடையே ஒரு பெண் இறந்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து, உடன்பிறந்தவன் கையால், ஒரு புதுச் சேலை வரவேண்டும். அதுதான் பிறந்த வீட்டுக் கோடி. உடலைத் தூக்குவதற்கு முன் கடைசியாகப் போர்த்தப்படுவது அது. அதோடுதான் அவள் மண்ணுக்குள் போவாள். தூக்கும் வேளையில் ஒருவர் முன்னால் வந்து, "பொறந்த வீட்டுக் கோடி!" என்று மூன்று தடவை குரல் கொடுப்பார். பதில் வராவிட்டால் அந்தப் பெண் கேட்பாரற்றவள் என்று கூடியிருப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். சடங்குகளில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் அக்கா வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த ஒரு கேள்விக்கு அந்த இடத்தில்தான் பதில் சொல்ல முடியும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. வீட்டில் அவளுக்குப் பின் மிஞ்சியிருந்தவன் நான் ஒருவன்தான்.

காலைத் தேநீரை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. நோய் என்று எதுவும் இல்லை. அவளுடைய ஒரே மகன், கோத்தகிரியில் ஜீப் ஓட்டுகிறவன், எனக்குத் தொலைபேசியில் சொன்னான்.

"மாமா, அம்மா போயிருச்சு மாமா."

அழுது ஓயட்டும் என்று காத்திருந்தேன். ஓய்ந்ததும் அவனே தொடர்ந்தான்.

"நாளைக்கு மூணு மணிக்கு எடுக்கலாம்னு பெரியவங்ககிட்ட சொல்லிட்டேன். பொறந்த வீட்டுக் கோடியோட மாமா வந்துருவாருன்னு லைன் பூரா சொல்லியாச்சு."

"நாளைக்கா?"

"போன்ல பாத்தேன் மாமா. கொழும்பு டு திருச்சி, ஒரு மணி நேரந்தான் காட்டுது. திருச்சிக்கு நானே ஜீப்ப எடுத்துட்டு வந்துர்றேன்."

"விசா எடுக்கணும்டா."

"விசாவா?" அவன் குரலில் இருந்தது வியப்பு மட்டுமே. "எங்க வீட்டுக்கு வர்றதுக்கா மாமா?"

அவன்மீது எனக்குக் கோபம் இல்லை என்று எழுதத்தான் ஆசை. அன்று இருந்தது. கைத்தொலைபேசி காட்டிய ஒரு நேரத்தை நம்பி, என் பெயரில் ஓர் ஊருக்கே வாக்குக் கொடுத்திருந்தான். பதுளைக்கும் கொழும்புக்கும் இடையில் என்ன இருக்கிறதென்று அந்தத் திரை அவனுக்குச் சொல்லவில்லை. திருச்சிக்கும் கோத்தகிரிக்கும் இடையில் என்ன இருக்கிறதென்று அவனுக்கே தெரியும். சாவு அதை அவன் நினைவிலிருந்து எடுத்துவிட்டிருந்தது. இரண்டு நகரங்களையும் இணைக்கும் கோட்டைத்தான் பார்த்தான். நாங்கள் இருவருமே அந்த நகரங்களில் இல்லை. என் பழைய விசா அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே காலாவதியாகியிருந்தது.

முதலில் சேலை எடுக்கப் போனேன். பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் வியாபாரி என் பழைய மாணவர். என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"வாங்க சேர், வாங்க. வீட்டுல விசேஷமா?"

"ஒரு சேலை வேணும். அக்காவுக்கு."

"இந்தியாவுல இருக்கிற அக்காவுக்கா? அவங்களுக்கு என்ன கலர் விருப்பம் சேர்?"

"கோடிக்கு."

அவர் வாய்க்குள்ளே ஏதோ ஓதினார். கடைப் பையனைத் தள்ளிவிட்டுத் தாமே தட்டில் ஏறி, அத்தான் முன்பே இறந்துவிட்டார் என்று அறிந்திருந்தபடியால், வெள்ளைச் சேலை ஒன்றை எடுத்துப் போட்டார். வேண்டாம் என்றேன். பச்சை காட்டச் சொன்னேன். அவர் ஒன்றை எடுத்துத் தந்தார். பையில் இட்டுக் கொடுக்கும்போது, ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறார். "இப்ப என்ன சேர், அந்தக் காலம் மாதிரியா? கட்டுநாயக்கா ஏர்போர்ட்டுல ஏறினா ஒரு மணி நேரந்தானே."

"அது கட்டுநாயக்காவில் ஏறிய பிறகு," என்றேன்.

"சேர் இன்னமும் பாடம் எடுக்கிறீங்க," என்று சொல்லிவிட்டு, சொன்னதற்கு வருந்தியவராகத் தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து கணினியில் விசா விண்ணப்பத்தை நிரப்பினேன். பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் வணிகம், மருத்துவம், மாநாடு என்று பல இருந்தன. சாவு இல்லை. உறவினரைச் சந்தித்தல் என்பது சுற்றுலாவின் கீழ் அடைக்கப்பட்டிருந்தது. ஆகவே, சுற்றுலாப் பயணியாக விண்ணப்பித்தேன். என் தாத்தா திருச்சி மாவட்டத்தில் துறையூர்ப் பக்கம் பிறந்தவர். கோப்பிக் காட்டை அழித்துத் தேயிலை நட ஆள் வேண்டியிருந்தபோது அவரிடம் எவரும் பயண நோக்கத்தைக் கேட்கவில்லை. அக்காவை ஏற்றி அனுப்பியபோதும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ரயில் நேரத்துக்கு வந்தது, கப்பலில் இடம் இருந்தது, முகாமில் அரிசி இருந்தது. எங்களை மந்தையாகக் கடல் கடத்த வேண்டியிருந்த போதெல்லாம் இந்தத் தூரம் ஒரு தடையாக இருந்ததே இல்லை. ஒருவன் தன் சொந்தக் காரணத்துக்காகக் கடக்க நினைத்தால்தான் அது விழித்துக்கொள்கிறது.

விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. சில நாள்கள் ஆகலாம் என்றும் இருந்தது.

விசா வந்த அடுத்த நிமிடம் விமான நிலையத்தில் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில், மறுநாள் விடியற்காலையே கொழும்புக்குப் புறப்பட்டேன். மழையில் ரயில் பாதையில் மண் சரிந்திருந்தது, பஸ்தான் கிடைத்தது. பண்டாரவளை, ஹப்புத்தளை, பெரகலை. அங்கிருந்து வளைந்து வளைந்து இறங்கும் பாதை. சேலைப் பையை மடியில் வைத்திருந்தேன். கோடிச் சேலையை எல்லாச் சாமான்களோடும் மேலே தூக்கிப் போட மனம் வரவில்லை.

மருமகன் அழைத்துக்கொண்டே இருந்தான்.

"எங்க மாமா இருக்கீங்க?"

"பலாங்கொடை."

"ஏர்போர்ட்டுக்குப் பக்கமா?"

"இல்லை."

மறுபடியும் அழைத்தான். "இப்ப எங்க மாமா?"

"இரத்தினபுரி."

"காலையிலேயே ஏறிட்டேன்னீங்க?"

"ஆமாம். காலையில்தான் ஏறினேன்."

நான் மலையை விட்டு இறங்கிக்கொண்டிருந்த நேரத்துக்குள் கொழும்பிலிருந்து ஒருவன் திருச்சிக்குப் போய், மலைக்கோட்டையைப் பார்த்து, சாப்பிட்டு, திரும்பியும் வந்திருக்கலாம். பதுளை இருக்கும் ஊவா மாகாணத்து மனிதனுக்குத் தன் தலைநகரமே ஒரு வெளிநாடு. இதை நான் வகுப்பில் சொல்லியதில்லை. பாடத்திட்டத்தில் இல்லை.

மாலையில் கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு லொட்ஜில் அறை எடுத்தபோது மீண்டும் அழைத்தான். "எடுக்கல மாமா. கெஞ்சிக் கேட்டு இன்னொரு நாள் வச்சிருக்கேன்." உடலைத் தூக்கும்வரை அந்த லயங்களில் எவரும் கொழுந்துக்குப் போவதில்லை. இங்கும் அதுதான் வழக்கம். அக்காவின் தலைமுறை இங்கிருந்து எடுத்துச்சென்ற சில பொருள்களில் அதுவும் ஒன்று. இரண்டாவது நாளும் கொழுந்து பறிக்கப்படாமல் முற்றிக்கொண்டிருந்தது. தோட்டத்து அலுவலகத்திலிருந்து ஆள் அனுப்பிக் கேட்டிருந்தார்கள். குழாயடிப் பெண்களும் கேட்டிருந்தார்கள். அவன் அதை மறைக்கத் தெரியாதவன். "ஒரு மணி நேரத் தூரத்துல இருக்கறவரு ரெண்டு நாளா எங்கடா வந்துட்டே இருக்காருன்னு கேக்கறாங்க மாமா. நான் என்ன சொல்லட்டும்?"

மறுநாள் காலையில் விசாவும் பயணச்சீட்டும் செய்து கொடுக்கும் ஒரு முகவர் அலுவலகத்துக்குப் போனேன். கழுத்துப்பட்டி அணிந்த இளைஞர் என் விண்ணப்ப எண்ணைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னும் பென்டிங்ல இருக்கு ஐயா. இதை நாங்க தள்ளிவிட ஏலாது."

"என் அக்கா இறந்துவிட்டார். இன்று எடுக்கிறார்கள்."

"ஸொரி ஐயா." உண்மையாகவே வருந்தினார். பிறகு முகம் மலர்ந்தது. "ஆனா ஃப்ளைட் ஒரு மணி நேரந்தானே. விசா வந்துட்டா டக்கென்று போயிரலாம்."

அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நன்றி சொல்லும் பழக்கத்தை என்னால் விட முடியவில்லை. பெருங்கோபத்தில் இருக்கும்போதெல்லாம் நான் மிகவும் பண்பாக நடந்துகொள்கிறேன் என்று என் மனைவி இருந்த நாள்களில் சொல்வாள்.

பிற்பகலில் அவன் காணொளியில் வந்தான். "எடுக்கப் போறாங்க மாமா. நீங்க பாக்கணும்ல. போனை நான் பிடிச்சுக்கறேன்."

திரையில் முதலில் நீலத் தார்ப்பாய் தெரிந்தது. அதற்கப்பால் மூடுபனி; ஹாலிஎல மலையின் மூடுபனி என்று சொன்னாலும் நம்புவேன். தப்புப் பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அக்கா. முகம் சிறுத்திருந்தது. அவள்மேல் ஏற்கெனவே நிறையக் கோடி விழுந்திருந்தது, பக்கத்து லயத்தார் போட்டது, மகன் போட்டது. நான் லொட்ஜுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். மடியில் பை.

தோளில் துண்டு போட்ட ஒரு முதியவர் முன்னால் வந்தார். தப்பு நின்றது.

"பொறந்த வீட்டுக் கோடி!"

ஒருவரும் அசையவில்லை. மருமகன் தொலைபேசியைத் திருப்பியதில் திரையில் தார்ப்பாயும் கால்களும் மாறி மாறித் தெரிந்தன.

"பொறந்த வீட்டுக் கோடி!"

நான் சேலையைப் பையிலிருந்து வெளியே எடுத்தேன். எதற்கு எடுத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

"பொறந்த வீட்டுக் கோடி!"

"இருக்கு!" என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். "இருக்கு. இங்க இருக்கு!"

அந்தச் சிறிய கருவியிலிருந்து என் குரல் அங்கே எப்படிக் கேட்டதோ தெரியாது. முதியவர் திரும்பிப் பார்த்தார். "யாரு?"

"சிலோன்காரரு. தம்பிக்காரரு. போன்ல இருக்காரு," என்று யாரோ சொன்னார்கள்.

"போன்லயா கோடி போத்துவாங்க?" என்றது ஒரு பெண் குரல்.

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சாவு வீட்டில் எங்கள் மக்கள் சிரிப்பதுண்டு. அதில் வஞ்சகம் இல்லை. நான் அதை அறிவேன். அறிந்திருந்தும் அந்தச் சிரிப்பு காதிலிருந்து போய்விடவில்லை. முதியவர் கையைக் காட்டினார். தப்பு மறுபடி தொடங்கியது. தோள் கொடுக்க வேண்டியிருந்ததால் மருமகன் தொலைபேசியை அணைக்காமலே சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். திரை இருண்டது. துணி உரசும் ஓசையும், அவன் மூச்சும், தொலைவில் தப்பும் கேட்டன. ஏற்றத்தில் மூச்சு இரைத்தது, இறக்கத்தில் தணிந்தது. அவனுடைய சட்டைப்பைக்குள் இருந்தபடி என் அக்காவின் சவ ஊர்வலத்தில் போனேன். மண் விழும் ஓசைவரை கேட்டேன்.

அடுத்த நாள் காலை விசா வந்தது. சுற்றுலா என்று போட்டிருந்தது.

நான் போகவில்லை. எதற்குப் போவது? ஊருக்குத் திரும்பினேன். ஆனால் கோடிக்கு எடுத்த சேலையை வீட்டுக்குள் கொண்டு போகக் கூடாது. கடைக்குத் திருப்பவும் முடியாது. உயிரோடிருக்கும் எவரும் அதைக் கட்டக் கூடாது. இதிலெல்லாம் நம்பிக்கையற்ற நான், வாசற்கதவுக்கு வெளியே ஓர் ஆணியில் அந்தப் பையை மாட்டிவைத்தேன். துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். வந்தவர்களில் பலர், எழுந்து போகும் நேரத்தில், அந்த ஒரு மணி நேரத்தை எனக்கு நினைவூட்டினார்கள். பதினாறாம் நாள் கருமாதிக்காவது போய்விட வேண்டும் என்று அந்தப் பைதான் என்னைக் கிளப்பியது.

முன்பு மூன்று முறையும் சென்னை வழியாகத்தான் போயிருந்தேன். திருச்சிக்கு நேரே பறந்தது அதுவே முதல் தடவை. பக்கத்து இருக்கையில் ஐம்பதைக் கடந்த ஒரு பெண். திருச்சிக்காரர். காலடியில், மேலே, மடியில் என்று எங்கும் அவருடைய பைகள்.

"என்னங்கய்யா, ஒத்தப் பையோட வர்றீங்க? கை வலிக்குதா, இல்ல கஸ்டம்ஸுக்குப் பயமா?"

சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவர் நிறுத்தவில்லை. "நாங்க குருவிங்கய்யா. இங்கேருந்து சோப்பு, கிராம்பு, அங்கேருந்து துணிமணி. வாரத்துக்கு ஒருவாட்டி போயிட்டு வந்துருவேன். எங்க வீட்டுக்காரரு சொல்வாரு, ஒனக்குக் கடலு நம்ம வீட்டு வாசக்கால் மாதிரின்னு."

பையில் பதுளைக் கடையின் பெயரைப் படித்தார். அனுமதி கேட்காமலே உள்ளே கைவிட்டுச் சேலை ஓரத்தை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார்.

"அட, இது எங்கூருப் பக்கத்துச் சரக்குல்ல! இந்த ரகத்துல நானே எத்தன கட்டு தூக்கியாந்திருக்கேன். இதப் போயி இங்கேருந்து அங்க கொண்டு போறீங்களா? இந்த ஃப்ளைட்ல இப்பிடி ஒரு ஆள நான் பாத்ததில்ல சாமி. யாருக்கு?"

"அக்காவுக்கு."

"அவங்க அங்கேயே வாங்கிக்க மாட்டாங்களா?"

"கோடி," என்றேன்.

சேலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். "எப்பங்கய்யா?"

"பதினைந்து நாளாகிறது."

"அப்ப ஏன்..." என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "விசாவா?"

தலையசைத்தேன். நான் சொல்லாமலே அதைப் புரிந்துகொண்டவர் அந்தப் பெண் ஒருவர்தான்.

"தெரிஞ்சிருந்தா நான் கையோட கொண்டு போயி..." என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்ல முடியாது. அது உடன்பிறந்தவன் கையால் விழ வேண்டியது என்று அவருக்கும் தெரியும். வந்து போக அந்தச் சேலைக்கு ஒருபோதும் தடை இருந்ததில்லை. எங்கோ நெய்யப்பட்டு, யாரோ ஒரு குருவியின் பையில் ஏறிக் கடலைத் தாண்டி, என் மலைக்கு வந்து, கடைத் தட்டில் காத்திருந்தது.

இருக்கைப் பட்டையை மாட்டச் சொன்னார்கள். நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன். கடல் எப்போது முடிந்தது என்பதைக் கவனிக்கவில்லை. கீழே வயல்களும் வறண்ட திட்டுகளும் நெருங்கி வந்தன. எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தது எங்கேயோ பொய்யாக இருக்கும் என்று, என் படிப்பையெல்லாம் மீறி, இத்தனை நாளும் நம்பியிருக்கிறேன் போலும். சற்று மிகுதியாகவாவது இருக்கும், வழியில் ஏதாவது தடையாவது இருக்கும் என்று. இல்லை. ஒரு மணி நேரந்தான். அந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஏற்பட்ட கோபத்தை அதற்கு முன் எவர்மீதும் நான் உணர்ந்ததில்லை. அது எவர்மீது என்று சொல்லவும் முடியவில்லை. மருமகன் மீதோ, முகவர் மீதோ, குழாயடிப் பெண்கள் மீதோ அல்ல. உருண்டையின் மேல் நூலைப் பிடித்துக் காட்டி, இரண்டு இடங்களுக்கு இடையில் இவ்வளவுதான் தூரம் என்று கற்பிக்கும்படி எனக்குச் சம்பளம் கொடுத்த உலகத்தின்மீது என்று வேண்டுமானால் சொல்லலாம். அது மிகைதான். அப்படியே இருக்கட்டும்.

மருமகன் ஜீப்போடு காத்திருந்தான். கரூர், கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம், பிறகு மலை. மேட்டுப்பாளையத்தைத் தாண்டி முதல் வளைவில் ஏறும்போது, "தூரந்தான் மாமா," என்றான். அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

மறுநாள் கருமாதிக்கு முன், அக்காவைப் புதைத்த இடத்துக்கு அழைத்துப் போனான். தேயிலை முடியும் விளிம்பில், சவுக்கு மரங்களின் கீழ். மண் இன்னும் அடங்கவில்லை. குரல் கொடுத்த முதியவரையும் வரச் சொல்லியிருந்தேன். மேலே சரிவில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் குழாயடிக்காரிகள் இருந்தார்கள் என்று மருமகன் சொன்னான்.

சேலையைப் பையிலிருந்து எடுத்தேன். முதியவரைப் பார்த்து, "குரல் குடுங்க," என்றேன்.

"இனி எதுக்குங்கய்யா? எல்லாந்தான் முடிஞ்சுதே."

"குடுங்க."

அவர் மருமகனைப் பார்த்தார். அவன் நிலத்தைப் பார்த்தான். முதியவர் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு, தமக்குள் சொல்வதுபோல, "பொறந்த வீட்டுக் கோடி," என்றார்.

"அன்னைக்குக் குடுத்த மாதிரி," என்றேன்.

அவர் என்னை ஒருமுறை கூர்ந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து நின்று, மலை கேட்கும்படி குரல் எடுத்தார். முதல் தடவைக்கே சரிவில் இரண்டு மூன்று தலைகள் நிமிர்ந்தன. இரண்டாவது தடவைக்குப் பறிப்பு நின்றது. மூன்றாவது குரலுக்குப் பின் நான், "இருக்கு!" என்றேன். வகுப்பறையில்கூட நான் அப்படிக் குரல் உயர்த்தியதில்லை. குனிந்து, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும் அந்தப் பச்சையை விரித்தேன்.

மேலேயிருந்து ஒருத்தி, "யாருடி அது?" என்று கேட்பதும், "சிலோன்காரி தம்பி. வந்துட்டாரு," என்று இன்னொருத்தி சொல்வதும் தெளிவாகக் கேட்டன.

முதியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தயக்கத்தோடுதான் சொன்னார். "அன்னைக்கே வந்திருந்தா நல்லாருந்திருக்கும்ங்கய்யா. ப்ளேன்ல ஒரு மணி நேரந்தானாமே?"

மருமகன் பதறிப்போய் என் கையைப் பிடித்தான். நான் அந்தக் கையை எடுத்துவிட்டேன்.

"ஆமா," என்றேன், மேலே நின்றவர்களுக்கும் கேட்கும்படியாக. "ஒரு மணி நேரந்தான்."

காற்று அடித்தது, சேலையின் ஒரு முனை எழுந்து புரண்டது. மருமகன் ஓடிப்போய் நாலைந்து சிறு கற்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து மூலைகளில் வைக்கத் தொடங்கினான். அவை போதாது. பெரிய கல்லாகப் பார்த்து வை என்றேன்.